மூன்றாவது கடையின் தரை

பட்டன் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் தையலைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கையில் இரண்டு கால்சட்டைகள். மறுநாள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; இதைச் சொல்ல எங்கே இடம் கிடைத்தாலும் விடுவதில்லை, இங்கேயும் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அப்பா அளவு பார்க்காமல் வாங்கிவந்த கால்சட்டைகள் என் செருப்பையும் தாண்டித் தரையைப் பெருக்கின. ஓரம் மடித்து அடிக்க ஆள் தேடியபோது, மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தக் கடையைக் காட்டினார்கள். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியேதான் நிற்க வேண்டும். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் மூடுவது எல்லாம் அங்கே நடக்கும். கொடுத்த சட்டையில் பட்டன் விழுந்திருந்தால் கேட்காமலே வைத்துத் தருவார் என்பதால் அந்தப் பெயர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது. மிதியில் இருந்த கால் அசையவில்லை.

“தம்பி, உனக்கு ஏதாவது கேக்குதா?”

தெருவில் பஸ் போகிறது, மேலே தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்றேன்.

“அதில்ல. மெல்லிசா. கண்ணு தொறக்காத குட்டி முனகுற மாதிரி.”

இல்லை என்றேன். சரி என்று மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். கூலியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.

அலுவலகம் அதே தெருவில்தான். மத்தியானத்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்காவின் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். டவுன் பஸ் ஓட்டுபவர். இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்துவிடுவார். பேச்சுக் கொடுத்தபோது, அவள் காதுக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டேஷன் எடுக்கிறது தம்பி, எங்கள் ரேடியோவில் அது வராது என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. கடைக்குள் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, எல்லாம் அந்த நாய்க்கட்சியால் வந்தது என்றார்.

தெருவில் அப்படித்தான் பெயர். உண்மையில் அது அக்காவோடு நாலைந்து பேர் சேர்ந்த ஒரு சின்ன அமைப்பு. விலங்குகளுக்கும் இந்தத் தெருவில் இருக்க உரிமை உண்டு என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். நகராட்சி நாய்களுக்கு விஷம் வைக்கிறது என்று தெரிந்தால் போய் வாசலில் உட்காருவார்கள். அவர்கள் வண்டியை விட்டு இறங்கினாலே டீக்கடைப் பக்கமிருந்து, இந்தத் தடவை எந்தச் சின்னத்தில் நிற்கிறீர்கள் என்று ஒரு குரல் வரும். எங்கள் ஊரில் நாய்க்குக் கடமை உண்டு. உரிமை என்று ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர்களுக்கு மனு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. ஜிப் மாற்றக் கொடுத்திருந்த என் கால்சட்டையை ஒரு நாள் திருப்பித் தந்த கையோடு, அக்கா, படிச்ச பையன்தானே, வந்து எழுதிக் கொடேன் என்றார். படித்தவன் என்று யாராவது சொன்னால் நான் எதற்கும் ஒப்புக்கொண்டுவிடுவேன். அன்றிலிருந்து அங்கே என் பெயர் பட்டதாரி.

ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியமான வேலை. முன்பு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிய ஒருவர், எல்லாருக்கும் வேன் அண்ணன், தன் பழைய வண்டியில் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு வருவார். பெண் நாய்களை வலைபோட்டுப் பிடித்து, கால்நடை டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். இனிக் குட்டி போடாதபடி அவர் அறுவை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக வெட்டிவிடுவார். புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். வேறு தெருவில் விட்டால் அங்கிருக்கும் நாய்கள் குதறிவிடும்.

இதில் பட்டன் அக்காவின் வேலை, நாய் கூண்டுக்குள் போவதற்கு முன்னால் அதன் வயிற்றைத் தடவிப் பார்ப்பது. காம்பை இரண்டு விரலால் மெதுவாக அழுத்துவார். பால் வந்தால் எங்கோ குட்டி இருக்கிறது; அப்படியே விட்டுவிட வேண்டும். எவ்வளவு சிடுசிடுப்பான நாயும் அவர் விரலுக்கு அடங்கும் என்று வேன் அண்ணன் சொல்வார். நான் சேர்ந்த பிறகு ஒரு தடவைகூட அவர் அந்த வேலையைச் செய்து நான் பார்க்கவில்லை. டாக்டரம்மாவே வந்து பார்த்தார். அக்கா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து கூண்டுக்கு மேலே சாக்கைப் போர்த்துவதோடு சரி.

ஏன் என்று ஒரு நாள் மருத்துவமனை வாசலில் காத்திருந்தபோது வேன் அண்ணன் சொன்னார்.

நான் வருவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு மழை நாள். புதிதாகக் கடைகள் கட்டிக்கொண்டிருந்த தெருவில் ஒரு செவலை நிற நாய் மாட்டியது. அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காம்பு தொய்ந்து கிடந்தது. அழுத்தினார்; ஒன்றும் வரவில்லை. பழைய தாய், பால் வற்றிப்போனது என்று நினைத்து, ஏற்றுங்கள் என்றார். மறுநாள் காலை அறுவைக்காக டாக்டரம்மா கூண்டைத் திறந்தால், கீழே விரித்திருந்த காகிதம் முழுக்கப் பால். மடி கல்லாக இறுகியிருந்தது. முந்தின நாள் பிடித்தபோது குட்டிகள் அப்போதுதான் குடித்து முடித்திருக்க வேண்டும். அதனால்தான் பால் வரவில்லை. குட்டிகள் வயிறு நிறையக் குடித்ததுதான் குட்டிகள் இல்லை என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

அறுவையை நிறுத்திவிட்டு, செவலையை வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். கதவைத் திறந்ததும் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டடத்துக்குள் ஓடியது. கூரை போட்ட கடை வரிசை. மழை உள்ளே வராது. மூன்றாவது கடைக்குள் நுழைந்ததும் அதன் கால்கள் புதைந்தன. அன்று காலையில்தான் தரைக்குக் கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். அதுவரை அங்கே மணலும் உடைந்த செங்கல்லும் கொட்டி, மேலே பலகைகள் போட்டிருந்ததாம். செவலை ஈரத் தரையைப் பிறாண்டியது. வேலையாட்கள் கூச்சல் போட்டுத் துரத்தினார்கள். பட்டன் அக்கா மேஸ்திரியிடம் ஓடினார். உள்ளே குட்டிகள் இருந்தனவா, பலகையைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

பார்த்துவிட்டுத்தான் ஊற்றினோம், அங்கே ஒன்றும் இல்லை என்றார் மேஸ்திரி.

பிறகு சாயங்காலம் வரை தெரு முழுக்கத் தேடினார்கள். சாக்கடை, குப்பைத்தொட்டி, நிறுத்திவைத்த லாரியின் அடி, ஒன்றும் பாக்கியில்லை. எங்கேயும் இல்லை. செவலை மட்டும் அவர்களோடு தேட வரவில்லை. மூன்றாவது கடையின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

“யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு நாங்க எல்லாம் மனசைத் தேத்திக்கிட்டோம்,” என்றார் வேன் அண்ணன். “அக்காவுக்கு மட்டும் அன்னியிலேருந்து முனகல் கேக்குது.”

இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வண்டியின் சத்தங்களே வேறுமாதிரி ஆகிவிட்டன. பிரேக் உரசினால் திடுக்கென்று இருக்கும். ஒரு முறை அக்காவின் கடையில் நின்றபோது எனக்கே கேட்டது. இழுத்து இழுத்து, பசியில் சோர்ந்த ஒரு குரல். பார்த்தால் மாடிக் குழாயில் தண்ணீர் நின்று காற்று ஏறியிருக்கிறது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது குழாய், இது எனக்கும் தெரியும், நான் கேட்பது இது இல்லை என்றார்.

மேஸ்திரி அக்காவின் கடைக்கு வந்தபோது நான் வாசல் படியில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். பை கிழிந்த ஒரு வேலைச் சட்டையோடு வந்தார். இந்த வேலைக்கு அவர் வீட்டுப் பக்கத்திலேயே நாலு தையல்காரர்கள் இருந்திருப்பார்கள். அக்கா அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் ஒன்றும் கேட்காமல் சட்டையை வாங்கிப் பையைப் பிரிக்க ஆரம்பித்தார். மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். கடைக்கு எல்லாம் ஷட்டர் மாட்டியாயிற்று என்றார். அக்கா ம் என்றார்.

“அந்த நாய் தினமும் அங்கதான்மா படுக்குது. ஷட்டர் மாட்டப் போனா என்னை நிமிர்ந்து பார்க்குது. கடிச்சாக்கூடப் பரவாயில்லன்னு இருக்கு. கடிக்கவும் மாட்டேங்குது.”

அக்கா நூலைக் கோத்தார்.

“அன்னிக்குப் பார்த்துட்டுத்தான் ஊத்துனோம்னு சொன்னேன்ல. பார்க்கலம்மா.”

என் பேனா நின்றுவிட்டது. மேஸ்திரி என்னையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், இவனும் கேட்கட்டும் என்பதுபோல. பலகைகளைப் பையன்கள் ஓரமாக உருவிப் போட்டார்கள், கலவை தயாராக நின்றது, உள்ளே குனிந்து பார்க்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். அக்கா வந்து கேட்டதும் அந்தப் பதில் தானாக வாயில் வந்துவிட்டதாம். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

“சத்தம் ஏதாவது கேட்டுச்சா?” என்றார் அக்கா.

“கலவை மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. அதுல மனுசன் கத்துனாலும் கேக்காது.”

மிஷினில் அடிக்க வேண்டிய பையை அக்கா கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களை மட்டும் சொல்லி என்ன மேஸ்திரி. தரை அப்ப ஈரமாத்தான் இருந்துச்சு. ஒரு மண்வெட்டி போதும். தோண்டுங்கன்னு நான் சொல்லியிருக்கலாம். நீங்க பார்த்தேன்னு சொன்னீங்க, எனக்கு அதை நம்பறதுக்கு ஆசையா இருந்துச்சு.”

வேண்டுமானால் இப்போதே உடைத்துப் பார்த்துவிடலாம், முதலாளியிடம் தான் பேசிக்கொள்வதாக மேஸ்திரி சொன்னார். அதைச் சொல்லத்தான் வந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடைத்துவிட்டால் இந்தப் பெண்மணியின் காதில் இருப்பது அடங்கிவிடும் என்று நானும் நினைத்தேன். சொல்லப்போனால், சரி என்று அவர் சொல்லிவிடக் கூடாதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பையைத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். அந்தச் சட்டையில் ஒரு பட்டன் இல்லை. டப்பாவைத் துழாவி நிறம் பொருந்துவதாக ஒன்றை எடுத்துத் தைத்தார்.

“வேணாம். உடைச்சு அங்க இருந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. இல்லைன்னா, பின்ன எங்கன்னு மறுபடியும் மொதல்லேருந்து தேடணும்.” சட்டையை மடித்து நீட்டினார். “அந்த மூணாவது கடையை யாருக்காவது குடுத்துட்டாங்களா?”

இன்னும் இல்லை என்றார் மேஸ்திரி.

வீட்டுக்காரருக்கும் அக்காவுக்கும் அந்த வாரம் பெரிய ரகளை. மாடிப்படிக் கடையில் என்ன குறை, இத்தனை வருஷ வாடிக்கை என்ன ஆவது, அந்தத் தெருவில் காற்றுகூட வராது, போயும் போயும் அந்தக் கடைதானா, ஊர் சிரிக்கும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நீயாவது சொல்லுப்பா, பட்டதாரி என்று என்னையும் இழுத்தார். வேறு யாராவது அங்கே கடை போட்டால் செவலையை அடித்து விரட்டுவார்களே என்றார் அக்கா. அதை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம், நானே குளிப்பாட்டுகிறேன் என்று வீட்டுக்காரர் இறங்கிவந்தார். கூட்டி வந்தும் பார்த்திருக்கிறார்கள். கதவு திறந்ததும் போய்விட்டது.

கடைசியில் அக்கா சொன்னார்: “இங்க உக்காந்துக்கிட்டு எந்தப் பக்கத்துலேருந்து கேக்குதுன்னு தெரியாம சுத்திச் சுத்திப் பார்க்கறேன். அங்க போனா கீழேருந்துதான்னாவது தெரியும்ல.”

மறுநாள் வீட்டுக்காரரும் வேன் அண்ணனும்தான் தையல் மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நான் பட்டன் டப்பாக்களைக் கொண்டுபோனேன். உள்ளே வைக்கும்போது வேன் அண்ணன் காலை ஊன்றாமல் பூனைமாதிரி நடந்தார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, ஐயா, சிமெண்ட் காய்ந்து வருஷம் ஆகிறது, தைரியமாக மிதியும் என்றார். சொல்லிவிட்டு அவரும் ஓரமாகவே நடந்தார். செவலை எல்லாருக்கும் முன்னால் உள்ளே போய், சுவர் ஓரத்தில் ஓர் இடத்தை மோந்து, வயிறு தரையில் படும்படி படுத்தது. மிஷினை அந்த இடத்தைவிட்டுத் தள்ளிப் போட்டோம்.

அமைப்பின் நடைமுறையும் மாறிவிட்டது. பெண் நாய் என்றால் இப்போது யாரும் உடனே வலையை எடுப்பதில்லை. முந்தின நாள் பட்டன் அக்கா அதன் பின்னாலேயே சுற்றுகிறார். எங்கே போகிறது, எந்தச் சந்தில் நுழைகிறது, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று முழுசாகப் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும். வேகம் போதவில்லை என்று வேன் அண்ணன் முணுமுணுப்பார். தையலை விட்டுவிட்டு நாய்க்குத் துப்பறியும் வேலையா என்று டீக்கடைப் பக்கமிருந்து குரல் வரும். அவர் கண்டுகொள்வதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வேலைக்கு மட்டும் அவர் திரும்பவில்லை. டாக்டரம்மா இரண்டு முறை கேட்டுப்பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சத்தம் நின்றுவிட்டதா என்று நான் ஒரு நாள் கேட்டேன். கேட்கிறது என்றார், கடைக்கு வந்த துணியைப் பற்றிப் பேசுவதுபோல.

பட்டன் அக்கா இப்போதும் அந்த மூன்றாவது கடையில்தான் இருக்கிறார். செவலைக்குப் பால் வற்றி, அறுவை முடிந்து, காது நுனியில் வெட்டு இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கி முதலில் அதை உள்ளே விடுகிறார். அது படுத்த பிறகு விளக்கைப் போட்டு வேலையைத் தொடங்குகிறார்.