கேட்பார், கேட்க மாட்டார்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சல்லடை. வைத்தது யாரென்று தெரியாது, யாராயிருந்தாலும் கெட்டிக்காரர்தான். எந்தக் கேள்வியை அவள் மேசையில் போட்டாலும் சலித்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தத் தேர்வு ஒழுங்காக இருக்கிறதா என்று தேர்வுக்கே தேர்வு வைக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அவளுடைய மாமியாருக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. "மருமக என்ன வேலை பாக்கறா?" என்று யாராவது விசாரித்தால், "கேள்வி கேக்கறா" என்பார். "வீட்ல சும்மா கேக்கறதுதான். அங்க சம்பளம் குடுக்கறாங்க" என்று ஒரு பெருமூச்சும் கூடவே வரும்.

சின்ன வயதிலேயே அந்தக் கோணல் புத்தி இருந்தது. நான்கு பேர் எட்டு நாளில் ஒரு கிணற்றை வெட்டினால் முப்பத்திரண்டு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று கணக்குத் தேர்வில் வந்தது. வகுப்பே "ஒரு நாள்" என்று எழுதிவிட்டு விளையாட ஓட, அவள் மட்டும் உட்கார்ந்து யோசித்து, "முப்பத்திரண்டு பேர் நிற்கக் கிணற்றுக்குள் இடம் இருக்காது" என்று எழுதினாள். முட்டை வாங்கினாள். வீட்டில் வசவும் வாங்கினாள். ஆனால் தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கும் என்பது அன்று அவள் மண்டைக்குள் புகுந்தது. புகுந்தது புகுந்ததுதான், பிறகு வெளியே வரவே இல்லை.

சில காலம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். சரியாகப் போட்ட கணக்கைவிடத் தப்பாகப் போட்ட கணக்குதான் அவளை இழுக்கும். "ஏன் இப்படிப் போட்டே?" என்று கேட்பாள். திட்டத்தான் போகிறாள் என்று பிள்ளை நடுங்கும். அவளுக்கோ நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த அரிப்புதான் கடைசியில் அவளைக் கேள்வித்தாள் தயாரிக்கும் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கால் ஆடும் ஒரு மேசைக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தது.

அந்த வருஷம் அவள் கைக்கு வந்தது பிள்ளைகளுக்கான தேர்வல்ல, ஆசிரியர்களுக்கானது. ஆசிரியர்களுக்குப் புதிதாக ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதனால் பலன் உண்டா என்று அறியப் பிள்ளைகளிடமே விசாரிப்பது என்று முடிவானது. இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று முகங்கள்: சிரிக்கும் முகம் என்றால் "எப்போதும்", வாயை நேராக வைத்திருக்கும் முகம் என்றால் "சில சமயம்", தொங்கிய முகம் என்றால் "ஒருபோதும் இல்லை". பிள்ளைகள் ஒன்றில் கோடு போட வேண்டும். வாக்கியங்கள் வேறொரு மொழியில் பல நாடுகளைச் சுற்றிவந்தவை. படித்தவர்கள் ஓர் அறை நிறைய உட்கார்ந்து அவற்றைத் தமிழாக்கினார்கள். சல்லடையும் அந்த அறையில்தான் இருந்தாள். ஏழாவது வாக்கியம் வந்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். "நாங்கள் சொல்வதை எங்கள் ஆசிரியர் கேட்பார்." இதில் சலிக்க என்ன இருக்கிறது?

சில பள்ளிகளில் வெள்ளோட்டம் விட்டார்கள். தாள்கள் திரும்பி வந்ததும் புள்ளி ஓடிவந்தான். புள்ளியியல் பார்க்கும் தம்பி என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பெரும்புள்ளி ஆக இன்னும் நாள் இருக்கிறது.

"அக்கா, ஏழு மட்டும் எதிர்த் திசையில நடக்குது. டீச்சரைத் தலைமேல தூக்கி வெச்சு எழுதின வகுப்பெல்லாம் ஏழாவதுல தொங்கின மூஞ்சியைப் போட்டிருக்கு. ஒரு பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு மொத்தமும் அப்படித்தான்."

சல்லடைக்குக் கண் பளிச்சென்றது. இயக்குநருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

"தூக்கிடுங்க. பத்தொன்பது போதும்" என்றார்.

"ஏன்னு தெரிஞ்சுக்காம எப்படி சார் தூக்கறது?"

"பல்லு வலிச்சா பிடுங்கறோம். அது ஏன் வலிச்சுதுன்னு பல்லுகிட்டயே கேப்பீங்களா?"

கேட்க முடிந்தால் கேட்டுத்தான் இருப்பாள். ஆனாலும் அவர் இயக்குநர். ஏழு அன்றோடு ஒழிந்திருக்கும், மறுநாள் காலை அந்தத் தொலைபேசி அழைப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அது வந்தபோது அவள் வீட்டில் மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பத்து வயது. தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்று மேசையைச் சுற்றி ஓடியது. "நான் சொல்றதை என்னைக்காவது கேட்டிருக்கியா நீ?" என்று சீப்பும் கையுமாகத் துரத்தியவள், அப்படியே போனை எடுத்தாள். தன் வாயிலிருந்து என்ன சொல் விழுந்தது என்று அவள் கவனிக்கவில்லை. சல்லடைக்கும் ஓட்டை உண்டு.

அழைத்தவர் அந்த ஐந்தாம் வகுப்பின் ஆசிரியை. வெள்ளோட்டத் தாள்களை யாரும் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. ஆனால் உறையை ஒட்டுவதற்கு முன் தலைமையாசிரியை ஒரு புரட்டுப் புரட்டியிருக்கிறார். ஏழாவதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டதாம். பிள்ளைகளின் பேச்சையே கேட்காத ஆளிடம் வகுப்பு எதற்கு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்தில் கோப்பு பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"அதுக்காகக் கூப்பிடலைங்க" என்றார் ஆசிரியை. "கோப்பு பாக்கச் சொன்னா பாக்கறேன். பிள்ளைங்க அப்படி எழுதினது நிஜமா? நான் அவங்க சொல்றதைக் கேக்கறதே இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாகணும். ராத்திரியெல்லாம் ஒவ்வொரு மூஞ்சியா நினைச்சுப் பாக்கறேன், ஒண்ணும் பிடிபடலை."

சல்லடையின் தாள் ஒரு மனுஷியைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது. "எனக்கும் தெரியலைங்க. தெரிஞ்சுக்கிட்டு வரேன்" என்றாள். வேறென்ன சொல்வது?

பள்ளியில் அவளுக்கு ஒதுக்கியது உடைந்த பெஞ்சுகளும், காற்றுப் போன பந்துகளும், அச்சிலிருந்து கழன்ற உலக உருண்டையும் கிடந்த ஓர் அறை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் வேலை செய்யும் முறை எளிது. வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொல்வாள். அது என்ன கேட்கிறது என்று அவரவர் வார்த்தையில் சொல்லச் சொல்வாள். அவர்கள் சொல்வதை ஓர் எழுத்து மாறாமல் குறித்துக்கொள்வாள். திருத்த மாட்டாள், எடுத்தும் கொடுக்க மாட்டாள்.

முதலில் வந்த பையன் ஏழாவதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"என்னப்பா சிரிக்கறே?"

"டீச்சர் எப்படி மேடம் நாங்க சொல்றதைக் கேப்பாங்க? நாங்கதானே டீச்சர் சொல்றதைக் கேக்கணும்."

சல்லடையின் பேனா பாதி வரியில் நின்றது. ஒரு கணம் அந்தச் சொல்லையே முறைத்துப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அறைந்துகொள்ளாத குறையாக அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அடுத்தவன் இன்னும் கறாராக இருந்தான். "நாங்க சொல்றதை டீச்சர் கேட்டா வகுப்பு உருப்படுமா? நாங்க தினமும் லீவு விடச் சொல்லுவோம்." இரட்டைச் சடைக்காரி ஒருத்தி வாக்கியத்தைக் குற்றம் சாட்டுவதுபோல் விரலால் தட்டினாள். "இது எங்க டீச்சரை மாட்டிவிடற கேள்வி. அதான் கவனமா 'ஒருபோதும் இல்லை' போட்டேன். எங்க டீச்சர் யாரு சொல்றதையும் கேக்க மாட்டாங்க. தலைமையாசிரியர் சொன்னாக்கூட, சரின்னு பட்டாத்தான் கேப்பாங்க."

வாசலில் நிழல் தட்டியது. தலைமையாசிரியை ஏதோ எடுக்க வந்தவர்போல் நின்றுகொண்டிருந்தார். இரட்டைச் சடைக்காரி உலக உருண்டைக்குப் பின்னால் பதுங்கினாள்.

விஷயம் இவ்வளவுதான். அறை நிறையப் படித்தவர்கள் "கேட்பார்" என்றால் காதுகொடுப்பார் என்று நினைத்தார்கள். பிள்ளைகள் வீட்டில் விடிந்தது முதல் கேட்பது வேறு "கேள்". சொன்னதைக் கேள், பெரியவங்க பேச்சைக் கேள். அவர்களைப் பொறுத்தவரை கேட்பது என்றால் அடங்கி நடப்பது. ஓர் ஆசிரியர் எவ்வளவு பிடித்தமானவரோ, அவர் யாருக்கும் அடங்குபவர் அல்ல என்று அவ்வளவு அழுத்திக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியையைத் தூங்கவிடாமல் செய்தது பிள்ளைகள் அவர்மேல் வைத்த பாசம்.

தலைமையாசிரியையிடம் சொன்னாள். அவர் எளிதில் இறங்கி வருபவர் அல்லர்.

"நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கு. ஆனா கேள்வி தப்புன்னா, டீச்சர் சரின்னு ஆயிடுமா? ஒழுங்கான கேள்வி ஒண்ணு கொண்டுவாங்க. அதுல என்ன வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சல்லடைக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட, அந்த அம்மாள் சொன்னது நியாயம் என்பது அதிகமாக உறுத்தியது. திங்கட்கிழமைக்கு நாளும் அதிகம் இல்லை.

புது வாக்கியம் எழுதுவது அவள் நினைத்ததுபோல் இல்லை. "காதுகொடுத்துக் கேட்பார்" என்று போட்டுப் பார்த்தாள். ஒரு பிள்ளை சட்டென்று தன் காதைப் பொத்திக்கொண்டது. அது அறிந்ததெல்லாம் காதைத் திருகுவதுதான். "செவிமடுப்பார்" என்று எழுதினாள். மாட்டு மடி விவகாரமா என்று ஒருவன் கேட்டான். "கவனிப்பார்" என்றால் எல்லோருக்கும் புரியும் என்று நம்பினாள். புரியத்தான் புரிந்தது. இரட்டைச் சடைக்காரி முகம் வெளிறி, "எங்க டீச்சர் அப்படியெல்லாம் கவனிக்க மாட்டாங்க மேடம். எங்க அப்பாதான் 'இரு, வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்'னு சொல்லுவாரு" என்றாள்.

சல்லடை பேனாவால் தலையைச் சொறிந்தாள். பிறகு, வாக்கியங்களை மூட்டைகட்டி வைத்துவிட்டு, வெறும் ஆர்வத்தில் கேட்டாள்:

"சரி, அதெல்லாம் விடு. நீ எழுந்து ஏதாவது பேசினா, உங்க டீச்சர் அப்ப என்ன பண்ணுவாங்க?"

இரட்டைச் சடைக்காரி யோசிக்கவே இல்லை. "சாக்பீஸைக் கீழ வெச்சிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் முடிச்சதும் எடுப்பாங்க."

அடுத்து வந்தவர்களிடமும் அதையே கேட்டாள். சாக்பீஸ், சாக்பீஸ், திருத்திக்கொண்டிருந்த நோட்டு, ஒருமுறை பாதி கட்டின தோரணம். அந்தக் குப்பை அறையில் சல்லடைக்கு உடம்பு சிலிர்த்தது. காதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளைகள் கையைக் காட்டியிருந்தார்கள். அங்கேயே எழுதினாள்: "நான் பேசும்போது எங்கள் ஆசிரியர் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவார்."

அதை அந்த வகுப்பில் மட்டும் கொடுத்தால் சலுகை காட்டியதாகிவிடும். திங்கட்கிழமைக்குள் வேறு சில பள்ளிகளிலும் ஓட்டிப் பார்த்தாள். சில ஆசிரியர்களுக்குத் தொங்கிய முகங்களும் வரிசையாக விழுந்தன. புள்ளி கணக்குப் போட்டுவிட்டு, "ஏழு இப்ப மத்த கேள்விகளோட சேந்து நடக்குது அக்கா" என்றான். இயக்குநர் இருபது என்று அச்சுக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு தாளைத் தவிர மற்றதெல்லாம் சிரிக்கும் முகம். தலைமையாசிரியை முடிவைப் படித்தார்.

"அந்த ஒண்ணு யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேங்க. போன தடவை பாத்ததாலதான் இவ்வளவும்."

தலைமையாசிரியை முடிவை மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு, "வகுப்பு அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆசிரியையைத் தாழ்வாரத்தில் பிடித்துச் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"சாக்பீஸைக் கீழ வெக்கறேனா? எனக்கே தெரியாதே." பிறகு லேசாகச் சிரித்தார். "ஒரு சந்தேகங்க. கேள்வி எழுதறவங்க அதைத் தங்களுக்குப் போட்டுப் பாப்பீங்களா?"

"அது எங்க வழக்கத்துல இல்லைங்க" என்று சல்லடையும் சிரித்துவிட்டு வந்தாள்.

ஆனாலும் அந்தப் பேச்சு வீடுவரை கூடவே வந்தது. சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசையில் அறிக்கையைப் பரப்பி எழுதிக்கொண்டிருக்க, மகள் பக்கத்தில் நின்று பள்ளிக்கூடத்து வழக்கு ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தாள். யாரோ யாரையோ பெஞ்சை விட்டு மாற்றிவிட்டார்களாம். "ம்" என்றாள் சல்லடை. "ம், அப்புறம்?" திடீரென்று தோன்றியது. மீந்துபோன தாள் ஒன்றை எடுத்து, ஏழாவதில் "எங்கள் ஆசிரியர்" என்பதை அடித்து "அம்மா" என்று எழுதி, கடைசியில் "நிறுத்துவார்" என்பதையும் "நிறுத்துவாள்" ஆக்கி நீட்டினாள்.

மகள் ஒரே இழுப்பாகக் கோடு போட்டாள். தொங்கிய முகம்.

சல்லடைக்குச் சுருக்கென்றது. ஆனால் தொழில் புத்தி முந்திக்கொண்டது. கேள்வி புரிந்திருக்காது, இதில் இன்னும் ஏதோ ஓட்டை இருக்கிறது.

"படிச்சுக் காட்டு."

மகள் படித்தாள். தடங்கலே இல்லை.

"என்ன கேட்டிருக்கு? உன் வார்த்தையில சொல்லு."

"நான் பேசறப்ப நீ எழுதறதை நிறுத்துவியான்னு கேட்டிருக்கு."

"எதை எழுதறதை?"

"இதோ" என்றாள் மகள். "இப்பக்கூட எழுதறியே."

சல்லடை குனிந்து தன் கையைப் பார்த்தாள். அது மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டிருந்தது.

கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அவள் பேனாவை மூடி, எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள்.

"சொல்லு" என்றாள்.

மகள் உடனே சொல்லவில்லை. அந்தக் கை மறுபடி பேனாவுக்குப் போகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.