நோயாளிக்குக் கழுகு வரைந்தவர்

திங்கட்கிழமை காலை தொலைபேசியில் செய்தி வந்தபோது, "நீங்கள் பிழையான ஆளைச் சொல்லுறீங்கள்" என்று அதட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை விரி என்ற பகுதியிலுள்ள எங்கள் தொழிற்சாலை வாசலில் என்னோடு நின்று கதைத்துவிட்டுப் போனவர் குமாரவேலு அண்ணர். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் புல் வெட்டும்போது விழுந்தவர் எழும்பவே இல்லையாம். ஐம்பத்திரண்டு வயது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் அவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு வருடம் அலைந்துவிட்டு, எண்பத்தைந்தில் இந்த ஒக்லாந்து நகருக்கு வந்து சேர்ந்தார். அட்டைப்பெட்டி செய்யும் பகுதியில் இருவரும் அருகருகே வேலை செய்தோம். சாப்பாட்டு வேளையில் அரசியலோ கிரிக்கெட்டோ, எதையாவது பிடித்து என்னோடு சண்டை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் மேற்பார்வையாளர் ஜோனுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அண்மையில் ஜோன் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்து படுத்திருந்தபோது, அண்ணர் இரண்டு நாள் இருந்து ஒரு படம் வரைந்தார். சட்டம் போட்டு மருத்துவமனைக் கட்டிலுக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைப் பொங்கலுக்கு இறங்கும் கழுகு அது. அகதியாய்த் திரிந்த காலத்தில் அதைத் தரிசித்த பிறகுதான் தனக்கு நல்ல வழி பிறந்தது என்று நம்பியவர் அவர்.

இங்குள்ள வெள்ளையருக்கோ அது பிணந்தின்னி. இந்த நாட்டு வானத்தில் அது பறப்பதில்லை. பத்திரிகைக் கேலிப்படங்களில் பட்டமரத்தில் குந்தியிருந்து, யார் சாவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் அழிவில் ஆதாயம் தேடுபவரை அதன் பெயர் சொல்லித்தான் திட்டுவார்கள். ஜோனின் மனைவி மார்கரெட் படத்தைக் கண்டதும் அலறிவிட்டாராம். "என் கணவர் சாகவேண்டும் என்று காத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். அண்ணருக்கு அந்த ஆங்கிலம் முழுதாய் விளங்கவில்லை. ஆனால் மார்கரெட்டின் முகம் விளங்கியது.

அன்று மாலையே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் கும்பிட்ட பறவையடா அது. உனக்கு இங்கிலிஷ் கதைக்க வரும். அந்த மனிசியிட்டப் போய் ஒருக்கா விளங்கப்படுத்திவிடு."

"ஓம் அண்ணை, அடுத்த கிழமை போறன்" என்றேன்.

மூன்று வாரமாக அதையே சொன்னேன். மேற்பார்வையாளரின் குடும்பத்தோடு வாய்கொடுத்தால் என் வேலைக்கும் வில்லங்கம் வரும் என்று பயந்தேன். அண்ணர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். கடைசி வெள்ளிக்கிழமையும், "இன்னும் போகேல்லையோ?" என்று மட்டும்தான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணர் இறந்த செய்தியையும், அந்தக் கழுகின் கதையையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவர் உயிரோடு இருக்கும்போது ஏன் வந்து சொல்லவில்லை?" என்று கேட்டார்.

மூன்று வாரமாக அண்ணர் கேட்டும் நான்தான் வரவில்லை என்றேன்.

நேற்று இறுதிக் கிரியைக்கு, சரியாக நடக்க முடியாத ஜோனைக் கைத்தாங்கலாய்ப் பிடித்துக்கொண்டு மார்கரெட் வந்தார். சவப்பெட்டியருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்க, "மன்னித்துவிடுங்கள், மிஸ்டர் குமார்" என்றார். மண்டபமே அழுதது. மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவர் அல்லர் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணை, அரை மணி நேரத்து வேலை அது. நான் செய்யவில்லை. போய்வாருங்கள்.