தோளைக் கேட்காத ஜாஸ்மின்

கீழே வண்டியை நிறுத்துகிறவர் ஹெல்மெட்டை எந்தக் கையால் கழற்றுகிறார் என்று மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள் ஜாஸ்மின். அவர் படியேறி வந்து வாயைத் திறப்பதற்குள் பாதி வியாதி அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரகடம் கூட்டுரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவளுடைய பிசியோதெரபி நிலையம். ஒரு கட்டில், கதவில் கயிறு கட்டிய கப்பி, மேசையில் வறுத்த வேர்க்கடலை டப்பா.

தோள் இறுகி வருகிறவரிடம் தோளைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள். "எந்தப் பக்கம் படுக்கறீங்க? சுகர் பாத்தீங்களா? வூட்ல யாரோட சண்டை?" தோளைச் சுமந்து திரியும் ஆளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. முழங்கால் வலியோடு வந்த ஒரு மாமியார், மருமகளோடு ராசியான மறுநாளே மொட்டை மாடியில் வடகம் பிழிந்தாராம். ஒரகடத்தில் இதை நம்பாதவர்களுக்கு முழங்கால் வலித்ததில்லை என்று அர்த்தம்.

புருஷோத்தமன் இறுகிய தோளோடும் மனைவி அம்சவல்லியோடும் வந்தார். வல்லம் வடகால் தொழிற்சாலையில், தலைக்கு மேலே நகரும் காருக்கு அடியில் நின்று போல்ட் முடுக்குகிற வேலை, அதுவும் கான்ட்ராக்ட். கை மேலே போகாவிட்டால் ஆள் வெளியே. அந்தப் பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் நல்ல கையால் கெட்ட கையைத் தூக்கி மேல்கம்பியில் மாட்டித் தொங்கியிருக்கிறார். தண்டலத்தில் டிரைவர் பிரேக் போட, உயிரே போய் வந்தது.

"ஜாம் ஆன பார்ட்டு மாரி, இஸ்த்தா வந்துடும்னு நென்ச்சேன் மேடம்."

"இது தூங்கறதே இல்லம்மா," என்றாள் அம்சவல்லி. "ஓ.டி.ல கண்ணு சொக்குதுன்னு சக்கரைய அள்ளிப் போட்டுக்கினு டீ குடிக்குது. சட்டைய நான்தான் மாட்டி வுடறேன்."

"நீ கம்முனு கெட."

"இன்னாத்துக்குக் கம்முனு கெடக்கணும்? ஊசி கண்டா ஓடற ஆளு!"

ஜாஸ்மின் இருவருக்கும் கடலையை நீட்டினாள். "மொதல்ல சுகர் பாத்துடுங்கண்ணே, சுகர் இருந்தாலும் தோளு இறுகும்."

"சுகரெல்லாம் அப்பால பாக்கலாம் மேடம். கை நல்லா கீதுன்னு ஒரு சீட்டு குடுங்க. திங்கக்கெழம புது லைன்ல ஏத்தறாங்க."

"திங்கக்கெழமைக்குத் தோளு தொறக்காதுண்ணே, மாசக்கணக்காவும். அதுவரைக்கும் மேல கை தூக்கற வேல வேணாம். இப்ப போல்ட்டெல்லாம் யாரு முடுக்கறா?"

புருஷோத்தமன் தரையைப் பார்த்தார். "பக்கத்துல மாரிமுத்து... அவன் பார்த்துக்கறான்."

"புது லைன்ல அவர் பக்கத்துல இருப்பாரா?"

அம்சவல்லி புருஷன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சூபர்வைசர் சிவசங்கரின் நம்பரைப் போட்டு நீட்டினாள். நல்ல கையால் வாங்கிக்கொண்டார். மணி போகப் போக, மற்றத் தோள் காதுவரை ஏறி விறைத்தது.

"சார், புருஷோத்தமன் பேசறேன் சார்... கை தூக்க முடியல சார்."

ஜாஸ்மின் அந்த முழங்கையின் கீழே தன் இரு உள்ளங்கைகளையும் கொடுத்து, கையின் முழு கனத்தையும் வாங்கிக்கொண்டாள். அவர் பேசி முடிக்கும்வரை இறக்கவில்லை.