விதையிலை வரைக்கும் மண்

நிலத்தைப் பிரித்துக்கொண்டாலும் எனக்கும் என் ஓரகத்திக்கும் நடுவில் ஒரு வரப்புதான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் வந்ததிலிருந்து இருபது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள்.

மிளகாய் நாற்று நடுவதில் எனக்கு ஒரு பேர் உண்டு. மற்றவர்கள் வேர் மறைந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். நான், முதலில் விட்ட இரண்டு விதையிலையும் மண்ணைத் தொடுகிற மாதிரி தண்டை இறக்கித்தான் நடுவேன். கோட்டை மலையில் மோதித் திரும்புகிற காற்று எங்கள் கொல்லையில் சுழன்று அடிக்கும். என் செடி அதற்குச் சாய்ந்ததே இல்லை. பக்கத்து ஊர் சிங்கவரத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் இருவரும் ஒரே நர்சரியில் நாற்று வாங்கினோம். நடுகிற அன்று காலையில் வரப்பில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அக்கா, இது ஹைபிரிட்டு. நீ வைக்கிற மாதிரி ஆழமா வச்சா தண்டு அழுகிடும். நர்சரிக்காரரே சொன்னாரு. மேலாக்க வையி."

"நெட்டையா இருக்குதேடி, காத்துக்கு நிக்குமா?"

"நிக்கும், நிக்கும். சும்மா டென்ஷன் ஆவாத."

என் கைக்கு அது ஒப்பவில்லை. இருந்தாலும் சொல்கிறவள் யார் என்று பார்த்து, மேலாகவே நட்டேன். நான் வீட்டுக்குப் போன பிறகுதான் அவள் தன் பாத்தியில் இறங்கினாள்.

பத்தாம் நாள் காற்றும் மழையும் அடித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் என் பாத்தி முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. வரப்பைத் தாண்டிக் குனிந்து அவள் செடி ஒன்றின் காலடியில் மண்ணை விலக்கினேன். உள்ளே தண்டு வெளுத்து, மயிர் போல வேர் விட்டிருந்தது. விதையிலை வரைக்கும் மண். என் அளவேதான்.

"இன்னாக்கா நோண்டிக்கினு இருக்குற?" பின்னால் வாளியோடு அவள்.

"தண்டு அழுகிச்சான்னு பாத்தேன். அழுகல."

வாளியைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷமாவது என் செடியப் பாக்க நாலு பேரு வரட்டும்னுதான்..."

"கேட்டிருந்தா நானே வந்து நட்டுக் குடுத்திருப்பேனேடி."

விலக்கின மண்ணைத் தள்ளிக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு என் பக்கம் வந்தேன். படுத்ததையெல்லாம் தூக்கி நிறுத்தி மண் அணைத்தேன். பாதி பிழைத்தது.

அந்த மாதமே சிங்கவரத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள்.

"அந்தப் பக்கம் நல்லா இருக்குது. அங்க போய்க் கேளுங்க" என்று கையைக் காட்டினேன். எவ்வளவு ஆழத்தில் நடுவது என்று அவள் அவர்களுக்குச் சொன்னதைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.