கதவு முப்பத்தெட்டு, அடுப்பு ஐம்பத்திரண்டு

அன்று மத்தியானம் இரண்டே காலுக்கு எங்கள் சேர்வர் முப்பத்தெட்டு போன்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை மெசேஜ் அனுப்பியது. இலங்கை மலையகத்தில் பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஐம்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. மீதிப் பதினான்கு குடும்பங்களின் நம்பரும் எங்களிடம் இருந்தது. அனுப்பத்தான் இல்லை.

அந்த சிஸ்டத்தை வடிவமைத்தவன் நான். பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். என் விசிட்டிங் கார்டில் ‘சாஃப்ட்வெயார் ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருக்கும். நான் செய்தது பெரும்பாலும் ஒரு சிஸ்டம் எப்படி இயங்கும் என்று படம் வரைவது. போன மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

1. அடுப்பை எண்ணின சரோஜா

முதலில் நான் போட்ட மாடல் சின்னது. ஒரு கதவு, ஒரு குடும்பம், ஒரு போன் நம்பர். அதை வைத்து மெசேஜ் அனுப்பும் புரோகிராமைத் தனியாக எழுதி முடித்தும் விட்டோம். பிறகுதான் தகவல் சேகரிக்க சரோஜாவை வேலைக்கு எடுத்தோம். அதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வாரம் லயம் லயமாக நடந்துவிட்டு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“கதவ எண்ணுனா கணக்கு வராதுங்க சார். அடுப்ப எண்ணணும்.”

எனக்கு உடனே விளங்கியது. விளங்காமல் இருக்க முடியாது, ஐந்து வயது வரை நானும் லயத்தில் இருந்தவன்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் லயத்து அறையான காம்பிராவின் பின்பக்கம் தகரத்தை இறக்கி ஒரு அறை போடுவார்கள். அங்கே தனி அடுப்பு மூட்டிய நாளிலிருந்து அது தனிக் குடும்பம். தோட்டத்து ஆபீஸ் கொடுக்கிற கதவு நம்பர் மட்டும் ஒன்றேதான். சரோஜா வீடும் அப்படி. முன்னால் அவரும் கணவரும், பின்னால் தம்பியும் தம்பி மனைவி தவமணியும்.

அரை மணி நேரத்தில் டயகிராமைத் திருத்தினேன். கதவுக்குக் கீழே அடுப்பு, அடுப்புக்கு ஒரு போன், அதற்கு ஒரு மெசேஜ். டேட்டாபேஸைத் திருத்த இரண்டு நாள் பிடித்தது. மெசேஜ் புரோகிராமில் மட்டும் பழைய கதவுப் பட்டியல் அப்படியே கிடந்தது. ‘மாற்ற வேண்டும்’ என்று நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

அதற்குள், வேலையை எல்லோருக்கும் காட்டுகிற ரிவியூ கூட்டம் வந்துவிட்டது. நான் டயகிராமைச் சுவரில் போட்டுக் காட்டினேன். சரோஜா கிட்ட வந்து விரலை வைத்துப் பார்த்தார். “ரெண்டு அடுப்புக்கும் தனித்தனியா போகுதுங்களா சார்?” என்று கேட்டார்.

போகும் என்றேன். அடுத்த வாரம் எப்படியும் போகத்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் வேறொரு வேலை தலைக்கு மேல் வந்து விழுந்தது.

சரோஜா நான் சொன்னதைக் கொண்டுபோய்க் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடுகிற இடத்தில், சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த லயங்களில் ஒரு பழக்கம் இருந்தது. மழை வலுத்து மேட்டில் மண் அசைந்தால் முன்வீட்டுக்காரர் பின்சுவரைத் தட்டிவிட்டுத்தான் வெளியே இறங்குவார். இனி ஒவ்வொருவருக்கும் மெசேஜ் வரும், தட்டிக்கொண்டு நிற்காமல் அவரவர் உடனே கிளம்புங்கள் என்று சரோஜா சொல்லிக் கொடுத்தார். என் படத்தை நம்பிச் சொன்னார்.

2. மழை

மெசேஜ் வந்தபோது சரோஜா தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்தார். அங்கே இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். தவமணிக்கும் வந்திருக்கும் என்று நினைத்து அவருக்கு போன் பண்ணவில்லை. சரோஜாவின் கணவர் வேலைக்குப் போயிருந்தார், தம்பி கொழும்பில்; தவமணி காய்ச்சலோடு வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். பக்கத்து முன்வீட்டுக்காரர்கள் ஒருவரும் சுவரைத் தட்டவில்லை. மேட்டு மண் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் வலது காலின் மேல் விழுந்தது.

மற்றப் பதின்மூன்று பின்வீட்டுக்காரர்களும் சனம் ஓடுவதைப் பார்த்துத் தாங்களாக ஓடித் தப்பியிருந்தார்கள். அது என் திறமை இல்லை.

மறுநாள் காலை, யார் யாருக்கு மெசேஜ் போனது என்று பதிகிற லொக்கைத் திறந்து பார்த்த பத்தாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. டேட்டாபேஸில் தவமணியின் நம்பர் ஒரு இலக்கம் பிசகாமல் இருந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“மலைல சிக்னல் விட்டுப்போறது புதுசா என்ன? ரிப்போர்ட்ல அதப் போட்டுருவோம். நீங்க புரோகிராம சரி பண்ணுங்க.”

புரோகிராமை அன்றைக்கே சரி பண்ணினேன். பத்தொன்பது வரி. ரிப்போர்ட்டில் கையெழுத்தும் வைத்தேன்.

3. தவமணி வீட்டில்

அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லா வேலையிலும் டயகிராமையும் புரோகிராமையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு டெஸ்ட் வைத்தேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதுவும் வெளியே போகாது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘இருப்பது’ அல்லது ‘வரப்போவது’ என்று எழுத வைத்தேன். ஆபீஸில் என்னைப் பிடிவாதக்காரன் என்றார்கள். ஏன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சரோஜா தேத்தண்ணி கொடுத்தார். தவமணி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க அவரால் இனி முடியாது. நான் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். படம் சரி, டேட்டாபேஸ் சரி, அனுப்புகிற புரோகிராமை நான் மாற்றவில்லை, தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றேன்.

சரோஜா தலை நிமிரவில்லை. “நான்தான் சார் செவுத்தத் தட்ட வேணாம்னு சொன்னேன்” என்றார்.

தவமணி என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அப்ப எனக்கு மெசேஜ் வரவே இல்லீங்களா?”

இல்லை என்றேன்.

“எல்லாருக்கும் வந்துச்சாம், நான் போனப் பாக்காம தூங்கிட்டேனாம். இங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு. கேட்டுக் கேட்டு நானுமே அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்.”

மேனேஜரின் ரிப்போர்ட் அந்த லயம் வரைக்கும் போகவே இல்லை. நான் வரைந்த படம் மட்டும் போயிருந்தது. அதில் தவமணிக்கு மெசேஜ் போயிருந்தது. படத்தைச் சரியாக வைத்துவிட்டுப் புரோகிராமைப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படமும் நிஜமும் ஒத்துப்போகாத இடத்தில் சனம் படத்தைத்தான் நம்பும். அடிபட்டவரின் பேச்சு எடுபடாது.

தவமணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மடியில் இருந்த போனை எடுத்து, கொழும்பில் கடையில் வேலை செய்கிற கணவருக்கு அழைத்தார். மணி போய்க்கொண்டிருக்கும்போதே அதை என்னிடம் நீட்டினார்.

“இத அவருகிட்ட ஒரு தடவ சொல்லிருங்க சார்.”

வாங்கிக் காதில் வைத்தேன்.