பதினெட்டு வரி

சரக்கு முதலாளி எனக்கு ஒன்பதாயிரம் தர வேண்டியிருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் வாழ்நாளில் வேறு யாரையும் நான் அவ்வளவு ஆசையாகப் பழிவாங்கியதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதினாறு வயதில் டெலிபோன் கம்பி இழுக்கப் போனேன். அன்றிலிருந்து கம்பி என்பதே என் பெயர். நாற்பதில் கம்ப்யூட்டர் பக்கம் தாவினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டரை இயக்கும் யூனிக்ஸ் பற்றிய புத்தகம் ஒன்றைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, அகராதியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பக்கம் என்று தின்று தீர்த்தேன். கம்ப்யூட்டரை போன் கம்பியோடு சேர்க்கிற மோடம் கத்துகிற கத்தலைக் கேட்டே இணைப்பு சேருமா, பாதியில் அறுந்துவிடுமா என்று சொல்லிவிடுவேன். பட்டம் வாங்கிய ஒருத்தனுக்கும் அந்தக் காது கிடையாது.

முதலாளியின் வேலை ஊரார் சரக்கைக் கப்பலேற்றி அனுப்புவது. அலுவலகத்தில் ஆறு மேசை, ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர்ப் பெட்டி. ஒவ்வொரு முறை மெயில் அனுப்பவும் கணக்கு பார்க்கும் அம்மா எழுந்துபோய் இணைப்பு வாங்க வேண்டும், மறக்காமல் துண்டிக்கவும் வேண்டும். இது தானாக நடக்கும்படி செய்து தரச் சொன்னார். மெயில் கிளம்பினால் பெட்டியே போன் போட வேண்டும். ஐந்து நிமிடம் வேலை இல்லையென்றால் அதுவே வைத்துவிட வேண்டும். புது மோடத்தோடு சேர்த்து ஒன்பதாயிரம் என்று பேச்சு. மோடம் வாங்க என்னிடம் காசில்லை. என் மனைவி இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். மூன்று மாதத் தவணையில் அவை அடகுக்கடைக்குப் போயின.

நாலு நாள் உட்கார்ந்து பதினெட்டு வரி எழுதினேன். எந்த எண்ணைக் கூப்பிடுவது, எதிர்முனை கேட்டால் என்ன பெயர் சொல்வது, கிடைக்காவிட்டால் எத்தனை தடவை முயல்வது, எல்லாம் அதற்குள். கடைசி வரியில்தான் என் மூளையே இருந்தது. அந்தப் பெட்டிக்கு ஒரு பழக்கம்: தன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே விசாரித்துக்கொண்டே இருக்கும். அந்த விசாரிப்பை வேலையாக எண்ணாதே, அதற்காக போன் போடாதே, போட்ட போனைப் பிடித்துக்கொண்டும் நிற்காதே என்று சொல்வது பதினெட்டாம் வரி.

வேலை முடிந்தது, எல்லாம் தானாக ஓடியது. பணம் மட்டும் ஓடிவரவில்லை. மூன்று முறை நாளைக்கு, நாளைக்கு என்றார். நாலாம் முறை போனபோது முதலாளியின் மச்சான், கம்ப்யூட்டர் பட்டதாரி, திரையில் விரலை வைத்து வரிகளை எண்ணினான்.

“பதினெட்டு வரியா? வரிக்கு ஐநூறு. கதை எழுதுறவனுக்குக்கூட இவ்வளவு யாரும் குடுக்க மாட்டாங்களேப்பா கம்பி” என்றார் முதலாளி. ஆறு மேசையும் சிரித்தன.

மச்சான் அதோடு விடவில்லை. கடிகாரத்துக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம், கூலியை ஏற்ற இந்த ஆள் வரியை ஏற்றியிருக்கிறான் என்று சொல்லி, என் கண் முன்னாலேயே பதினெட்டாம் வரியை அழித்தான். பெட்டியை மறுபடி கிளப்பினான். ஒன்றும் நிற்கவில்லை. சொல்லப்போனால் மெயில் முன்னைவிட வேகமாகப் போயிற்று. போகாதா பின்னே? கடிகார விசாரிப்பு ஓயாதபோது பெட்டி போனை வைத்தால்தானே மறுபடி போட வேண்டும்.

எச்சரிக்க வாயெடுத்தேன். ஆறு மேசையையும் ஒருமுறை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

அன்றிலிருந்து தினமும் தெருமுனை போன் பூத்தில் நின்று அந்த அலுவலகத்தில் மோடத்துக்கென்றே இருந்த தனி எண்ணைச் சுழற்றுவேன். எங்கேஜ். காலையில் எங்கேஜ், மதியம் எங்கேஜ், விடுமுறை நாளிலும் எங்கேஜ். மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டணம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வருவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். வளையல் ஏலத்துக்குப் போய்விடுமே என்று மனைவி கேட்டாள். “டெலிபோன் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும். அதோட நம்ம பணமும் வரும்” என்றேன். அவள் நம்பவில்லை. காலண்டரில் ஏலத் தேதியை வட்டமிட்டு வைத்தாள்.

அந்த வட்டத்துக்கு ஆறு நாள் முன்னால் முதலாளி எங்கள் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். வழக்கமாக ஆயிரத்தைத் தாண்டாத பில் அந்த முறை நாற்பத்தோராயிரம். மோடத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். பிடுங்கினால் மெயில் போகாது, மாட்டினால் பில் நிற்காது. துறைமுகத்தில் சரக்கு காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தது. மச்சானுக்குத் தான் எதை அழித்தோம் என்பதே நினைவில்லை.

“அண்ணே, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க.” அதுவரை நான் அவருக்குக் கம்பி.

“வரேன் சார். பத்து வினாடி வேலை. முதல்ல வரிக்கணக்கை முடிப்போம்.”

வட்டியோடு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். மேசை மேல் வைக்கப் போனார். அதுவும் வேண்டாம் என்று சொல்லி, அடுப்படியிலிருந்த மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்து, வளையலில்லாத மணிக்கட்டோடு நீட்டினாள். நான் பதினெட்டு வரியையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், மனப்பாடமாக. ஒரு வரிக்கு ஒரு ஐநூறு நோட்டு. ஏழாவது வரியில் இரண்டு நோட்டு ஒட்டிக்கொள்ள, விரலை நாக்கில் நனைத்துப் பிரித்தார்.

“மெதுவா எண்ணுங்க அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றாள் அவள்.

பதினேழு ஆனதும் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பதினெட்டு. கடிகாரத்தைக் கணக்குல சேக்காதே.”

விரித்த அவள் உள்ளங்கையில் கடைசி நோட்டை வைத்தார்.