கொண்டி வைத்த நாற்காலி

என் தங்கை மகளுக்குப் பத்து வயது. இது நடந்தபோது நாலாம் வகுப்பு. வீட்டில் எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பேரை வைத்தவன் நான்தான். ஒரு வாய் சோறு வாங்கிக்கொண்டு கட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்து அடுத்த வாய்க்கு நிற்பாள். பேச்சு வர நாலு வயசு ஆனது. நடை மட்டும் பத்து மாதத்திலேயே வந்துவிட்டது.

தங்கை சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். மச்சான் லாரி ஓட்டுகிறார், பத்து நாளில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் சனிக்கிழமையானால் பிள்ளையை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போவாள். நான் மேசை, நாற்காலி, கதவு, ஜன்னல் எல்லாம் செய்கிறவன். என்னோடு பாலிஷ் போடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம்.

பட்டறை நடுவில் பலகை அடுக்கு ஒன்று உண்டு. பம்பரம் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். நடந்துகொண்டே பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் நடத்திய பாடம் முழுவதையும் சொல்வாள். பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு ஏழுக்கு மேலேயே தடுமாறும்.

"எங்கே, இந்த ஸ்டூல்ல உக்காந்து மூணாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்பார் பாலிஷ்காரர். உட்கார்ந்தால் போச்சு. மூமூணு எவ்வளவு என்பதே அவளுக்கு மறந்துவிடும். உதடு நடுங்கும், சட்டை நுனியைத் திருகுவாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் மடமடவென்று வந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு வருஷம் இதை விளையாட்டாக வைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மச்சான் ஊரில் இல்லை, தங்கை என்னை அழைத்துப் போனாள். வகுப்பு டீச்சர் பாவம், தொண்டை கட்டியிருந்தது.

"நாப்பது பிள்ளைங்க சார். இவ எந்திரிச்சா நாப்பது தலையும் திரும்புது. உக்காருன்னா உக்காருவா, நான் போர்டுப் பக்கம் திரும்புனா ஜன்னல்கிட்ட நிப்பா. கேள்வி கேட்டா வாயே திறக்கறதில்ல."

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "வருஷப் பரீட்சை வரைக்கும் பாக்கறோம்மா. அதுக்குள்ள ஒரு இடத்துல உக்காந்து பழகலேன்னா, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே இருக்கற பள்ளிக்கூடத்துலதான் சேக்கணும்."

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர ஆள் இல்லை. தங்கை வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

சொன்னேன். டீச்சரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப உங்களாலயே ஒரு வழி பண்ண முடியுமே. அவ எந்திரிக்க முடியாத மாதிரி ஒரு நாற்காலி?"

பள்ளிக்கூடத்தில் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தித்தான் பழக்கம். எதிரே உட்கார வைத்து, 'உங்களால் முடியும்' என்று யாரும் சொன்னதில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. "ஒரு வாரத்துல கொண்டாரேன்" என்றேன். பலகை அடுக்கைச் சுற்றி நடப்பதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததா என்று கேட்டால், வரவே இல்லை.

நாற்காலியை நன்றாகத்தான் செய்தேன். முழங்கால் உயரம், தொடை நீளம் எல்லாம் அளந்தேன். ராணிக்கு நாற்காலி என்று சொன்னேன், அவளும் குஷியாக நின்று அளவு கொடுத்தாள். இடுப்புக்குக் குறுக்கே ஒரு கட்டை. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொண்டி. கொண்டியை இருக்கைக்கு அடியில், பின்பக்கமாக வைத்தேன். பிள்ளை கை எட்டாது. அது என் யோசனை, யாரும் சொல்லித் தரவில்லை. கட்டை உரசக்கூடாதென்று உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தேன்.

உட்கார வைத்துக் கொண்டியைப் போட்டேன். முதலில் சிரித்தாள்.

"மாமா, இறக்கி விடுங்க."

"இரு, ஒரு நிமிஷம்."

"மாமா, கால் எந்திரிக்கச் சொல்லுது மாமா."

"கால் சொன்னா நீ கேக்கணுமா? மாமா சொல்றதைக் கேளு."

நாற்காலி வகுப்புக்குப் போன மூன்றாம் நாள் தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, தங்கமான பிள்ளைன்னு டீச்சர் சொன்னாங்கண்ணே." ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் கூப்பிட்டுப் பாராட்டினார். அவருக்குத் தெரிந்த வேறொரு பள்ளிக்கூடத்துக்கு இதே மாதிரி இரண்டு வேண்டும் என்றார். அந்த வாரமே செய்து கொடுத்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை. அளவு மட்டும் சீட்டில் எழுதி வந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பம்பரம் பட்டறைக்கு வந்தால் வாசலில் ஆணிப்பெட்டி மேல் உட்காருவாள். மத்தியானம் வரைக்கும் அதே இடம். பாடம் இல்லை, வாய்ப்பாடு இல்லை. ஒரு தடவை பாவாடையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏன்யா, பம்பரம் நின்னுபோச்சே" என்றார் பாலிஷ்காரர்.

"திருந்திட்டா" என்றேன்.

அரையாண்டுப் பரீட்சையில் எல்லாத் தாளும் வெள்ளையாக வந்தது.

அதன்பிறகுதான் இன்னொரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், இப்படிப்பட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்க்கிறவராம். எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒரு நாள். முதல் வாரம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு தங்கையிடம், "அவளுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"இங்க என்னதான் பண்ணுவா?"

நான் வாயைத் திறக்குமுன் பாலிஷ்காரர் ஆரம்பித்துவிட்டார். "அதையேன் கேக்கறீங்க! இந்த அடுக்கைச் சுத்தி நடந்தா அப்படியே ஒப்பிப்பா. உக்கார வச்சா ஒண்ணும் வராது. நாங்க உக்கார வச்சு வச்சுச் சிரிப்போம்."

எழுதிக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நாற்காலி செய்யறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"வகுப்பு டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல" என்றேன். சொன்னதும் எனக்கே கேவலமாக இருந்தது.

திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. "சில பிள்ளைங்களுக்கு உடம்பு அசைஞ்சாத்தான் புத்தி ஓடும் சார். அது அடம் இல்ல" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாளே போய்க் கட்டையைக் கழற்றினேன். அந்த டீச்சர் சொன்ன அளவில் நின்றுகொண்டு எழுத ஒரு உயர மேசை செய்தேன். வகுப்பின் பின்பக்கம் சுவரோரமாக நடக்க இடம் விட்டார்கள். "நாப்பது தலையும் திரும்பும், பாருங்க" என்றார் வகுப்பு டீச்சர். ஒரு வாரம் திரும்பியது, பிறகு பழகிவிட்டது. ஆனால் பம்பரம் நடக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். யாராவது வந்து உட்கார வைப்பார்கள் என்று காத்திருந்த மாதிரி. இரண்டு மாதம் கழித்துத்தான் சுவரைத் தொட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தாளாம். வருஷப் பரீட்சையை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நடக்கவிட்டே வாயால் கேட்டார். தேறிவிட்டாள். அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. தங்கை ஓடி வந்து சொன்னபோது உளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லீவில் ஒரு சனிக்கிழமை பம்பரம் பட்டறைக்கு வந்தாள். பலகை அடுக்கின் பக்கம் போகவில்லை. என் எதிரே வந்து நின்றாள்.

"மாமா, அந்த நாற்காலி மாதிரி வேற யாருக்காவது செஞ்சீங்களா?"

பொய் வாய் வரை வந்தது. "ரெண்டு" என்றேன்.

"அவங்க பட்டறையில நடப்பாங்களா?"

"தெரியாதும்மா. நான் அவங்களைப் பாத்ததே இல்ல."

"பாக்காம எப்படி மாமா செஞ்சீங்க?"



பள்ளிக்கூடம் திறந்த அன்று திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு நாற்காலியும் போன பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு நாற்காலி சாமான் அறையில் கிடந்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டதாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று வகுப்பில் இருந்தது. ஏழு வயசு இருக்கும், பிள்ளை அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"கட்டையை மட்டும் கழட்டிக்கறேன் டீச்சர். அது தப்பாச் செஞ்சது."

"தப்பா? எவ்வளவு உபயோகமா இருக்கு தெரியுமா! கட்டை இல்லேன்னா அது வெறும் நாற்காலிதானே?"

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பட்டறை, வாய்ப்பாடு, வெள்ளைத் தாள், நாங்கள் சிரித்தது வரைக்கும். அவர் பாதி கேட்டார். "சாயங்காலம் வாங்க, பெரியவங்ககிட்ட பேசிக்கலாம்" என்றார்.

சாயங்காலம் போனேன். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளும் போனேன். இப்போது வாசலில் காவல்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும்.